முப்பத்திரண்டு பட்டாம்பூச்சிகள்

அத்தியாயம் 3

பல் டாக்டர் சிரித்தார். வாயிலிருந்த அத்தனை பல்லும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. விற்பனைக்கு அடுக்கிவைத்த சாமான் மாதிரி இருந்த அந்த வரிசையைப் பார்த்ததும் கொழுந்தனுக்குத் தன் பற்களை நாக்கால் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளத் தோன்றியது.

"ஒரே ஒரு கையெழுத்துதான் மேடம். விசாரித்ததில் நர்ஸே குற்றவாளி என்று தெரியவந்தது. அவ்வளவுதான், நாலு வரி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே டைப் பண்ணி வெச்சுட்டேன்."

அண்ணி அந்தத் தாளை வாங்கினாள். நான்காக மடித்தாள். குனிந்து, கிளினிக்கில் தனக்குப் போட்டிருந்த ஆடும் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது.

"நல்ல கெட்டித் தாள் டாக்டர்," என்றாள். "செத்துப்போனவங்களைக் காட்டுங்க."

அவள் உண்மையில் கொழுந்தன் ஒருவனுக்குத்தான் அண்ணி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பூட்டு ரிப்பேர்க் கடைக்கு மேலே அவள் துப்பறியும் அலுவலகம் திறந்த இரண்டே மாதத்தில் தெரு மொத்தமும் அவளை அண்ணியாக்கிக்கொண்டது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் பட்டு மில்லில் கூடு பொறுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஒரு பட்டுக்கூட்டை உள்ளங்கையில் உருட்டினால் போதும், நல்லதா, அழுகியதா, துளை விழுந்ததா என்று சொல்லிவிடுவாள். அழுகியதை நல்லது என்று எழுதச் சொன்ன மேனேஜரின் முகத்துக்கு நேரே பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. தண்ணீர் ஃபில்டர், மெத்தை, கலைக்களஞ்சியம் என்று வீடு வீடாக ஏறி இறங்கி எதையும் விற்காமல் முப்பத்தாறு வயதை எட்டியவன். எந்தக் கதவையும் திறக்கவைக்கும் வாய் ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அந்த வாயை நம்பித்தான் அண்ணி அவனை வேலைக்கு வைத்தாள். அண்ணன் கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். இவர்கள் இரண்டு பேரும் பேசுவதை ஒரு வாரம் கேட்டுவிட்டு, கடலே மேல் என்று திரும்பிப் போவான்.

"வாங்க," என்று டாக்டர் முன்னே நடந்தார். நடக்கும்போதும் பேசினார். "ஞாயித்துக்கிழமை என்னோட ரெண்டாவது கிளினிக் திறப்பு. பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க. மனுஷனுக்கு எத்தனை பல்லு? முப்பத்திரெண்டு. ரிப்பனை வெட்டினதும் முப்பத்திரெண்டு பட்டாம்பூச்சி ஒண்ணா பறக்கும். எப்படி என் யோசனை?"

"ஞானப்பல் முளைக்காதவங்க வந்தா நாலைப் பிடிச்சு வெச்சுக்குவீங்களா டாக்டர்?" என்று கொழுந்தன் கேட்டான்.

டாக்டர் அவனை, எக்ஸ்-ரேயில் தெரிந்த சொத்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிளினிக்கின் பின்பக்கத்து வராந்தாவில், மரமேசையின்மேல் ஓர் ஆள் உயரத்துக்கு வலைக்கூண்டு நின்றது. உள்ளே எருக்கங்கிளைகள் வாடித் தொங்கின. கூண்டின் கூரையில் பச்சை மணிகள் மாதிரி தொங்கவேண்டிய கூட்டுப்புழுக்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை. துளையிலிருந்து மெல்லிய இழை ஒன்று கீழ்வரைக்கும் இறங்கியிருந்தது. தரையில், இழை முடிந்த இடங்களில், அரிசி மணியளவில் பழுப்பு நிறக் குப்பிகள் சிதறிக் கிடந்தன.

"நேத்து முந்தாநாள் வெள்ளை வெள்ளையா புழு நெளிஞ்சு எறங்குது மேடம். பட்டாம்பூச்சி வரும்னு பார்த்தா ஈப்புழு வருது! எல்லாம் அந்த நர்ஸ் வேலை. ஒம்பது நாளைக்கு முன்னாடி வேலையை விட்டுப் போறேன்னு நின்னா. எங்க போறான்னு கேட்டா, எனக்குப் போட்டியா இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி! ஏழு வருஷம் தொழில் கத்துக்குடுத்தவன் முகத்துல கரி. அப்பவே வெளியே போன்னுட்டேன். கள்ளச்சாவி வெச்சிருந்து, ராவோட ராவா வந்து, விஷ ஈயைக் கூண்டுக்குள்ள விட்டிருக்கா."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? படிச்சவன் ஊகிச்சா போதாதா? அந்த ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், ஜாக்கிரதையா இருங்கன்னு. அவளோட வேலை ஆர்டரை நிறுத்தி வெச்சிருக்காங்க. உங்க ரிப்போர்ட் போனா ஒரேயடியா கேன்சல்."

அண்ணி கைப்பையிலிருந்து நூல் எண்ணும் பூதக்கண்ணாடியை எடுத்தாள். மில்லை விட்டு வரும்போது அவள் கொண்டுவந்த ஒரே பொருள் அது. வலையின் நான்கு பக்கத்தையும் விரல் விரலாகப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். ஜிப்பை இழுத்து மூடித் திறந்தாள். பிறகு மண்டிபோட்டு மேசையின் கால்களைப் பார்த்தாள். நான்கு கால்களுக்கு அடியிலும் நான்கு கிண்ணங்கள். நான்கும் வறண்டு, தூசி படிந்திருந்தன.

"இதுல தண்ணி இருக்கணுமே டாக்டர்?"

"நின்ன தண்ணியில கொசு வரும். சுகாதாரம் முக்கியம். அவளை அனுப்பின அன்னிக்குக் காலையில நானே கொட்டிட்டேன்."

கொழுந்தனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அண்ணியோ மிட்டாய் கிடைத்த குழந்தை மாதிரி தலையாட்டினாள். கூண்டின் அடித்தட்டை இழுத்தாள். புழுக்களின் எச்சம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. ஒரு தாளில் மேலாக ஒரு சிட்டிகை, இன்னொரு தாளில் அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மடித்துக்கொண்டாள். கடித்த இலைகளில் சில, பழுப்புக் குப்பிகளில் சில, கூண்டில் தொங்கிய வளர்ப்புக் குறிப்பேடு. எல்லாம் பைக்குள் போயிற்று.

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான்: "அண்ணி, ஏழு வருஷ சர்வீஸ்ல நமக்குக் கிடைச்சது பூனை, ஸ்கூட்டர், ஓடிப்போன மாப்பிள்ளை. இப்போ புழுவோட எச்சம். நாம மேல போறோமா கீழ போறோமா?"

"அந்த ஆள் வாய்லேர்ந்து வந்ததைவிட இது சுத்தமா இருக்கு தம்பி. நடங்க."

*

நர்ஸின் வீடு இரண்டாம் மாடியில் இரண்டே அறை. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். அழுத்தமான உதடு. கொழுந்தன் தன் திறமை முழுவதையும் காட்டத் தயாராக வாயைத் திறந்தான். அதற்குள் அவளே கதவை விரியத் திறந்துவிட்டாள்.

"டாக்டர் அனுப்பினாரா?"

"அனுப்பினார். ஆனா நாங்க அவர் சொன்ன இடத்துக்குத்தான் வந்தோமே தவிர, அவர் சொன்ன விஷயத்துக்கு வரலை," என்றாள் அண்ணி. "உக்காரலாமாம்மா?"

முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசைமேல் துண்டு விரித்து, கழுவித் துடைத்த எருக்கம் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் இடுக்கே இல்லாமல் ஈரத்துணியைத் திணித்திருந்தார்கள்.

"உள்ள யாராவது கோவிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காங்களா?" என்று கொழுந்தன் கேட்டான்.

"துணி காயுது."

"அதுக்குக் கதவைச் சாத்திட்டு, கீழ ஈரத்துணி வேறயா?"

"எங்க வீட்டுத் துணி அப்படித்தான் காயும்."

அண்ணி அவனை முழங்கையால் இடித்தாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பட்டுப்புழு தெரியும், பட்டாம்பூச்சி தெரியாது. நீ எப்படி வளர்த்தே, சொல்லேன்."

அதுவரை கதவைப்போல் மூடியிருந்த முகம் திறந்தது. "நான் முட்டையாத்தான் எடுப்பேன். எங்க மொட்டைமாடியில பெயிண்ட் டப்பாவுல எருக்கஞ்செடி வெச்சிருக்கேன். பட்டாம்பூச்சி வந்து இலைக்கு அடியில முட்டை வெச்ச அன்னிக்கே இலையோட கிள்ளிடணும். நாலு நாள் விட்டா சிலந்தி இருக்கு, எறும்பு இருக்கு, குளவி இருக்கு. எல்லாத்தையும்விட மோசம் அந்த ஈ. பார்க்க நம்ம வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும். புழு மேலயோ, அது தின்னப்போற இலை மேலயோ முட்டையை வெச்சிட்டுப் போயிடும். புழு பாட்டுக்குத் தின்னு கொழுக்கும், கூடும் கட்டும். அப்புறம்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும். அதனால வெளியில வளர்ந்த பெரிய புழுவை நான் கையால தொட மாட்டேன். வீட்டுக்குள்ள கொண்டுவர்ற இலையையும் ரெண்டு பக்கம் கழுவி, துடைச்சு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துத்தான் போடணும்."

"பல்லி?"

"கூண்டு சுவரைத் தொடக்கூடாது. ஒரு சாண் தள்ளி வெக்கணும். மேசைக்கால் தண்ணியில நிக்கணும். ராத்திரி ஜிப்பை மூடிட்டு, ஜிப்பு நுனியில ஒரு கிளிப்பு. இதெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னா, 'எனக்கே பாடம் எடுக்கிறியா'ம்பார். மூணு வாரம் வேணும் டாக்டர், திறப்பு விழாத் தேதியைத் தள்ளுங்கன்னேன். காலண்டரைக் காட்டி, முகூர்த்த நேரம் புழுவுக்காக மாறாதுன்னார். சரி, எப்படியும் போகட்டும்னு இருந்தேன். இலை போட்டா இருபத்தொம்பதும் ஒரே நேரத்துல தின்னுடாது, கூடகொறைய ஆகும், பார்த்துப் பார்த்துத்தான் மாத்தணும்…"

அவள் சட்டென்று நிறுத்தினாள். கொழுந்தன் துண்டிலிருந்த இலையொன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி தன் செருப்பு வாரை நிதானமாகச் சரிசெய்தாள்.

"திங்கக்கிழமை சேரணும்," என்றாள் நர்ஸ், குரல் இறங்கி. "அங்க அனுபவச் சான்றிதழ் கேக்கறாங்க. இவர் தரமாட்டேங்கறார். போதாததுக்கு இப்ப ஆர்டரையே நிறுத்திட்டாங்க. ஏழு வருஷமா அவர் வலிக்காமல் பிடுங்கறார்னு ஊரெல்லாம் சொல்லுது மேடம். ஊசியைப் போட்டு, கையைப் பிடிச்சு, பேச்சுக் குடுத்து உக்கார வெச்சது நான். அவர் இழுத்தார், அவ்வளவுதான்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வாம்மா," என்று எழுந்தாள் அண்ணி.

"நானா? அங்கயா?"

"நீதான். வந்து வாசல்ல நில்லு. நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வராதே."

படி இறங்கும்போது கொழுந்தன் சொன்னான்: "பாவம் அண்ணி. இந்தப் பொண்ணு ஈ எறும்புக்குக்கூட…"

"எறும்புக்கு நிச்சயமா துரோகம் பண்ணியிருக்கா," என்றாள் அண்ணி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பறிபவர்களிடம் கொழுந்தனுக்குப் பிடிக்காத கெட்ட குணம் அதுதான்.

*

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரின் நாற்காலியில் ஒரு லாரி டிரைவர் மல்லாந்திருந்தார். பெரிய மீசை. வாயில் பஞ்சு, உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய், கழுத்தில் நீலத்துணி. பேச முடியாதவர். ஆனால் காது இரண்டும் திறந்திருந்தன.

"கையெழுத்து ஆச்சா?" என்றார் டாக்டர், திரும்பாமலே.

"ஒரு சந்தேகம் டாக்டர். பல் விஷயம், உங்களைக் கேக்காம யாரைக் கேக்கறது?" அண்ணி குறிப்பேட்டைப் பிரித்தாள். "பால் பல் முளைச்ச குழந்தைக்கு, மூணாவது நாள் ஞானப்பல் முளைக்குமா?"

"என்ன கேள்வி இது?"

"ஆகாதுல்ல? இங்க ஐந்தாம் நாள் வரைக்கும் நர்ஸ் கையெழுத்து. 'புழுக்கள் நகக்கண் நீளம்.' அன்னிக்குத்தான் அவங்களை வெளியே அனுப்பினீங்க. ஆறு, ஏழு காலி. அப்புறம் உங்க கையெழுத்து. 'எட்டாம் நாள். எல்லாம் கூடு கட்டிவிட்டன. என் பராமரிப்பின் வெற்றி.' நகக்கண் நீளப் புழு, விரல் நீளமாகிக் கூடு கட்ட இன்னும் எட்டு ஒம்பது நாள் வேணும். உங்க பராமரிப்புல மூணே நாள்."

"நல்ல சத்தான இலை போட்டேன்."

"இலைக்கே வருவோம்." அண்ணி இரண்டு இலைகளைக் கருவித்தட்டின்மேல் வைத்தாள். "இது அடியில கிடந்தது. குண்டூசி ஓட்டை மாதிரி கடி. குழந்தைங்க கடி. இது மேல கிடந்தது. பாதி இலையே காணோம். கெழவனுங்க கடி. நடுவுல வளர்ற வயசுக் கடி ஒண்ணுகூட இல்ல."

கொழுந்தனுக்கு இப்போதுதான் வெளிச்சம் வந்தது. கொஞ்சம் வெட்கத்தோடு இரண்டு பொட்டலங்களையும் அவனே பிரித்தான். ஒன்றில் மையாக அரைத்ததுபோல் கரும்பொடி. மற்றதில் மிளகளவு உருண்டைகள்.

"டாக்டர், கீழ இருக்கிறது பவுடர். மேல இருக்கிறது குண்டு. இடையில கடுகு சைஸ் ஒண்ணு விழுந்திருக்கணுமே? அத்தனை புழுவும் நடு வயசுல மட்டும் விரதமா?"

நாற்காலியிலிருந்து "ஹ்ங்" என்று ஒரு சத்தம் வந்தது. டிரைவர் மீசை அசைந்தது.

"எனக்கு இந்தக் குப்பையெல்லாம் வேண்டாம்!" டாக்டர் கருவியைத் தட்டில் போட்டார். "விஷ ஈயை உள்ள விட்டது யார்? அதைச் சொல்லுங்க!"

"யாரும் விடல. ஈ அந்தக் கூண்டுக்குள்ள நுழையவே இல்ல." அண்ணி பழுப்புக் குப்பிகளை உள்ளங்கையில் உருட்டினாள். பதினெட்டு வருஷப் பழக்கம் அந்த உருட்டலில் தெரிந்தது. "இதுக்குள்ளதான் டாக்டர் ஈ இருக்கு. எல்லாம் மூடியே இருக்கு பாருங்க. இன்னும் பத்து நாள் கழிச்சுத்தான் மூடியைத் தள்ளிட்டு வரும். உங்க கூண்டுல செத்த ஈ ஒண்ணு உண்டா? ஒரு ஈயோட சிறகு உண்டா? வலையில ஓட்டை உண்டா? எதுவும் கிடையாது. நீங்க கொலைகாரி கொலைகாரின்னு ஊரெல்லாம் போன் பண்றீங்க, கொலைகாரன் இன்னும் பொறக்கவே இல்ல. மில்லுல இதே ஈ பட்டுப்புழுவுக்கும் வரும். துளை விழுந்த கூட்டை நான் லட்சம் பார்த்திருக்கேன். வலை நல்லா இருந்து உள்ள இருக்கிறது செத்தா ஒரே அர்த்தம்தான். உள்ள வரும்போதே நோயோட வந்திருக்கு."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா வெளியில, செடியில, ஈ மொய்க்க வளர்ந்து பெருத்த புழுவை யாரோ பொறுக்கிட்டு வந்து உள்ள போட்டிருக்காங்க. கச்சிதமா முப்பத்திரெண்டு. எந்தச் செடி டாக்டர்? குடோனுக்குப் பின்னாடியா, தண்டவாளத்து ஓரமா?"

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். ஒரே அளவு, ஒரே வெள்ளைப் பற்கள் இப்போது தெரியவில்லை. உதட்டை இழுத்து மூடியிருந்தார்.

"தண்டவாளத்து ஓரம்," என்றார் மெதுவாக. "மறுநாள் காலையில கூண்டைப் பார்த்தா காலி. மேசைக்கால்ல எறும்பு வரிசை. கிண்ணத்துல தண்ணி இல்லாததுனால எல்லாத்தையும் எறும்பு இழுத்துட்டுப் போயிடுச்சு. அழைப்பிதழ் அடிச்சாச்சு. நான் என்ன பண்றது? போய்ப் பொறுக்கினேன். அதுவும் செத்துப்போச்சுன்னா, ஜனங்ககிட்ட எதையாவது சொல்லணுமே."

"அந்த எதையாவதுக்கு ஏழு வருஷம் உங்ககிட்ட வேலை பார்த்த பொம்பளையோட சோறுதான் கிடைச்சுதா?" என்றான் கொழுந்தன். வேடிக்கை பேசுகிற குரல் எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

வழக்கு முடிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். அண்ணி வாசல்பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா," என்று கூப்பிட்டாள். நர்ஸ் வந்து நின்றாள்.

"மிச்சத்தை நீயே சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

நர்ஸ் டாக்டரை நேராகப் பார்த்தாள். "எறும்பு எல்லாத்தையும் தின்னலை டாக்டர். மூணுதான். மிச்சம் இருபத்தொம்பதை நான் எடுத்துட்டுப் போயிட்டேன்."

கொழுந்தன் வாய் பிளந்தான். டிரைவரின் வாய் ஏற்கெனவே பிளந்திருந்ததால் அவர் கண்ணை மட்டும் அகலப்படுத்தினார்.

"அன்னிக்குச் சாயங்காலம் சாவியைத் திருப்பிக் குடுக்க வந்தேன். நீங்க இல்ல. கடைசியா ஒருதடவை பார்த்துட்டுப் போகலாம்னு பின்னாடி போனா, கிண்ணம் நாலும் காலி. எறும்பு ஜிப்பு இடுக்கு வழியா கூண்டுக்குள்ள ஏறி மூணை இழுத்துட்டிருந்துச்சு. கூப்பிட்டுச் சொல்லலாம்னா, காலையில நீங்க பேசின பேச்சு காதுல இருக்கு. இலையோட அள்ளி டிபன் பாக்ஸ்ல போட்டுட்டுப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு இந்தப் பக்கம் வந்தப்போ வராந்தாக் கம்பி வழியா பார்த்தா, கூண்டு நெறைய புழு! எனக்குத் தலையே சுத்திப்போச்சு. நீங்க பண்ணின திருட்டுத்தனம்னு தெரிஞ்சுது. ஆனா அதைச் சொன்னா, பழசு எங்கேன்னு கேப்பாங்களே?"

"பார்த்தீங்களா!" டாக்டருக்கு உயிர் வந்தது. பற்களும் வெளியே வந்தன. "திருடி! வாக்குமூலம்! சாட்சி இருக்கு! இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க," என்று அண்ணி போனை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். "திருட்டுப் பொருள் யாரோடதுன்னு முதல்ல கேப்பாங்க. குறிப்பேட்டுல முதல் பக்கம். 'எங்கள் வீட்டு எருக்கஞ்செடியிலிருந்து எடுத்துவந்த முட்டைகள், முப்பத்திரண்டு.' அவங்க கையெழுத்து. அதுக்குக் கீழ 'பார்த்தேன்'னு உங்க கையெழுத்து. அவங்க பொருளை அவங்க திருப்பி எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க குடுத்த பொய்ப்புகாரைப் பத்தி நானும் போலீஸ்கிட்ட பேசறேன். சாட்சிக்கு ஆள் இங்கயே படுத்திருக்கார்."

டிரைவர் கையை உயர்த்தினார்.

டாக்டர் போனைப் பார்த்தார். எடுக்கவில்லை. பிறகு, ஊசி போடும்போது பேசும் அந்த வழவழப்பான குரலில், "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு," என்றார். "அந்த இருபத்தொம்பதைக் குடுத்துடேன். மூணு பல் குறைஞ்சா யாரு எண்ணப்போறா? ஞாயித்துக்கிழமை விட்டுடலாம். மேடையில உனக்கு ஒரு பூங்கொத்து."

"ஞாயித்துக்கிழமைக்கு அதுங்க கண்ணு திறக்காது டாக்டர். ஆறு இன்னும் தின்னுட்டிருக்கு. உங்க காலண்டரை அதுங்க பார்க்கலை," என்றாள் நர்ஸ். "பார்த்திருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அண்ணி மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்து டாக்டரின் கையில் வைத்தாள். "எழுதுங்க. ஏழு வருஷம், நல்ல நடத்தை, திறமையான கை. அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன். நான் சொன்னது தப்புன்னு உங்க வாயால. நாங்க காத்திருக்கோம்."

அவர் எழுதினார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அண்ணி கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, "'திறமையான'வுக்குப் பெரிய 'ற' டாக்டர்," என்று திருப்பிக் கொடுத்தாள். திருத்தினார். பிறகு போனில் பேசினார். நான்கு முறை "தவறான தகவல்" என்றார். ஒரு முறைகூட "நான்" என்று சொல்லவில்லை. சொல்லும்வரை அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னார்.

டிரைவர் பஞ்சைத் துப்பினார். நீலத்துணியோடு எழுந்தார். "ஏம்மா, நீ போற ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று நர்ஸைக் கேட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை ரிப்பன் வெட்டினார்கள். முப்பத்திரண்டு வெள்ளை பலூன்கள் விட்டார்கள். பதினொன்று மின்கம்பியில் மாட்டிக்கொண்டன. பல்லெல்லாம் ஆடிப்போன வாய் மாதிரி அவை அங்கேயே தொங்கியதை, அந்த வழியாகப் போன கொழுந்தன் நின்று முழு திருப்தியோடு பார்த்தான்.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை நர்ஸ் கூப்பிட்டு அனுப்பினாள். உள்ளறைக் கதவு இப்போது திறந்திருந்தது. கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் கொசுவலையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் முன்னறை மேசைக்கு அடியில்தான் படுத்திருக்கிறாள் என்பது கொழுந்தனுக்கு அப்போதுதான் புரிந்தது. வலைக்குள் பச்சை மணிகள் தெளிந்து கண்ணாடியாகியிருந்தன. உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சுத் துணிபோல் சிறகுகள் தெரிந்தன. ஒன்று வெடித்தது. கசங்கிய ஏதோவொன்று வழுக்கி வெளியே வந்து தொங்கி, மெல்ல மெல்ல இஸ்திரி போட்டதுபோல் விரிந்தது.

கொழுந்தனிடம் சொல்வதற்கு ஒரு வேடிக்கையும் இல்லை. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான்.

"தம்பிக்கு உடம்பு சரியில்ல போல," என்றாள் அண்ணி.

சிறகு காய்ந்த முதல் பட்டாம்பூச்சியை நர்ஸ் விரலில் ஏற்றி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். புது யூனிஃபார்ம், மடிப்பு கலையாமல். விரலைக் கொஞ்சம் அசைத்தாள். அது எழும்பி, தெருவுக்கு மேலே தத்தித் தத்திப் போயிற்று. எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி ஒன்று அம்பாகப் பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டது.

"ஐயோ!" என்று கத்தியது கொழுந்தன்தான். "இத்தனை நாள் காவல் காத்து…"

"பொறுங்க," என்றாள் நர்ஸ்.

குருவி கம்பியில் உட்கார்ந்தது. தலையை உதறியது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, அலகைக் கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. ஒரு சிறகின் ஓரம் கிழிந்த பட்டாம்பூச்சி கீழே பாதிவரை விழுந்தது. பிறகு கோணலாகச் சிறகடித்து எழுந்து, கூரைகளைத் தாண்டிப் போயிற்று.

"எருக்கம்பாலைத் தின்னு வளர்ந்த உடம்பு. கசக்கும்," என்றாள் நர்ஸ். "ஒருதடவை வாயில வெச்சுப் பார்த்தது மறுபடி கிட்ட வராது."

அண்ணி வலைக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னும் நான்கு பேர் சிறகு காய்ந்து காத்திருந்தார்கள்.

"அடுத்ததை விடும்மா. உனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."